ஊருக்குத் தெரிகிறது, வீட்டுக்குத் தெரிவதில்லை: கைதுப் பதிவுகளும் கெடா குடும்பங்களும்

நம் பெயரில் சாலைக் குற்றத்திற்கான சம்மன் இருக்கிறதா என்று பார்க்க மைகார்டு எண் ஒன்றே போதும். காவல் துறையின் மைபாயார் செயலியில் தட்டினால் பட்டியல் வந்துவிடும். பணம் கேட்டு அழைப்பவரின் வங்கிக் கணக்கு மோசடிக் கும்பலுடையதா என்று சோதிக்க செமாக் மியூல் தளம் இருக்கிறது. அதையும் காவல் துறைதான் நடத்துகிறது. ஆனால் நேற்று மாலை வேலைக்குப் போன மகன் வீடு திரும்பவில்லை, யாரோ போலீஸ் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்றால், அவன் எந்த நிலையத்து லாக்காப்பில் இருக்கிறான் என்று தேடிப் பார்க்க ஒரு தளமும் இல்லை, ஒரு செயலியும் இல்லை.

கைது விவரம் எங்கும் எழுதப்படாமலா இருக்கிறது? அப்படியில்லை. நிலைய நாட்குறிப்பில் பதிவு இருக்கும். லாக்காப் பதிவேட்டில் பெயரும் நேரமும் இருக்கும். புலன் விசாரணை அதிகாரியின் கோப்பில் சட்டப் பிரிவு இருக்கும். மாஜிஸ்திரேட் தடுப்புக் காவலுக்கு அனுமதி தந்தால் அந்த ஆணையும் எழுத்தில் இருக்கும். இத்தனை இடங்களில் பதிவாகும் ஒரு செய்தி, அதை முதலில் அறிய வேண்டிய குடும்பத்துக்கு வந்து சேரும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இது ஏட்டுச் சட்டப் பிரச்சினை அல்ல. கைதான முதல் இரண்டு நாட்களில் குடும்பம் என்ன செய்கிறது, வழக்கறிஞர் வந்து சேர்கிறாரா என்பதே பல வேளைகளில் ஒருவரின் வழக்கு எந்தத் திசையில் போகும் என்பதை முடிவு செய்கிறது.

செய்தியில் எண்ணிக்கை மட்டும்

கைது பற்றி நாளேடுகளில் வரும் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். மாவட்டக் காவல் துறைத் தலைவர் செய்தியாளர்களைச் சந்திப்பார். எத்தனை பேர் கைது, வயது எதிலிருந்து எதுவரை, என்ன பொருள் பறிமுதல், எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை நாள் தடுப்புக் காவல் என்ற விவரங்கள் கிடைக்கும். பெயர் பெரும்பாலும் இருக்காது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட பிறகே பெயர் அச்சில் ஏறும்.

இந்த வழக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. கைது என்பது சந்தேகத்தின் முடிவு, குற்றத்தின் முடிவு அல்ல. கைதாகி ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் விடுவிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் என்றைக்கும் இணையத்தில் தங்கிவிடக் கூடாது.

ஆனால் இன்று நடப்பது என்ன? தாமான் வாசலில் ஒருவரை விலங்கிட்டு வாகனத்தில் ஏற்றும் காட்சி அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. முகம் தெரிகிறது, வீட்டு எண்கூடத் தெரிகிறது. ஊர் முழுக்க அறிந்துவிடுகிறது. அதே நேரத்தில் அவருடைய தாயாருக்கோ மனைவிக்கோ, அவர் கோல மூடா மாவட்டத் தலைமையகத்திலா, கூலிமிலா, அல்லது வேறு மாவட்டத்திலிருந்து வந்த போலீஸ் குழு கொண்டுபோன இடத்திலா என்று தெரியாது. ஒரு மாவட்டத்தில் பிடிபட்டவர் இன்னொரு மாவட்ட லாக்காப்பில் இருப்பது புதிதல்ல. எது மறைவாக இருக்க வேண்டுமோ அது வெளியே வருகிறது, எது சொல்லப்பட வேண்டுமோ அது உள்ளேயே நிற்கிறது.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இது பழக்கமான நிலை. கோவலன் பிடிபட்டு வெட்டுண்ட செய்தி மதுரைக்குத் தெரிந்த பிறகே ஆயர் சேரியில் இருந்த கண்ணகிக்குத் தெரிகிறது. அதையும் அரண்மனை சொல்லி அனுப்பவில்லை. நகருக்குள் போய் வந்த ஒரு பெண் கேள்விப்பட்டு வந்து சொல்கிறாள்.

சட்டம் யாருக்கு என்ன கடமை வைக்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது. கைதானவருக்குக் காரணத்தை இயன்ற விரைவில் சொல்ல வேண்டும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது.

குடும்பத்துக்குத் தகவல் சொல்வது பற்றி அரசியலமைப்பில் ஒன்றும் இல்லை. அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் வருகிறது. காவல் துறைச் சீர்திருத்தத்திற்காக அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2005இல் அறிக்கை தந்ததைத் தொடர்ந்து, 2006இல் நிறைவேறி 2007 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் இது. விசாரணையைத் தொடங்கும் முன், தாம் இருக்கும் இடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கலாம் என்றும் வழக்கறிஞரை அழைக்கலாம் என்றும் கைதானவரிடம் போலீஸ் சொல்ல வேண்டும். அவர் விரும்பினால் அதற்கு இடம் தர வேண்டும்.

சட்டத்தின் சொற்களை இங்கே உன்னிப்பாகப் படிக்க வேண்டும். தகவல் சொல்லும் உரிமை கைதானவருடையது. தகவல் சொல்லும் கடமை போலீசுடையது அல்ல. கைதானவரின் கைப்பேசி பறிமுதலாகியிருக்கும். இன்றைக்கு யாருக்கு யாருடைய எண் மனப்பாடமாக இருக்கிறது? பயத்தில் இருப்பவருக்குத் தம் உரிமை புரியாமல் போகலாம், மலாய் மொழியில் வேகமாகச் சொன்னது பிடிபடாமல் போகலாம். அவர் அழைக்கவில்லை என்றால், “வாய்ப்புக் கொடுத்தோம், பயன்படுத்தவில்லை” என்ற பதிவோடு விவகாரம் முடிந்துவிடும். குடும்பம் வெளியில் தேடிக்கொண்டே இருக்கும்.

மற்ற சட்டங்களும் இப்படித்தான் இருக்கின்றனவா என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் 87ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைதானால் நன்னடத்தை அதிகாரிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கும் போலீஸ் உடனே தெரிவிக்க வேண்டும். இங்கே கடமை போலீசுடையது.

அடுத்தது சொஸ்மா. 2012ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் தொடர்பான அந்தச் சட்டம் 28 நாள்வரை காவலில் வைக்க இடம் தருகிறது. வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம்வரை தள்ளிப்போட முடியும். குண்டர் கும்பல் வழக்குகளில் இது பயன்படுத்தப்படுவதால் இந்தியக் குடும்பங்களுக்கு நன்கு அறிமுகமான, அதிகம் கண்டிக்கப்பட்ட சட்டம். அதன் 5ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? கைதானதும் நெருங்கிய உறவினருக்குப் போலீஸ் உடனடியாகத் தகவல் தர வேண்டும் என்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று சொல்லிப் பிடிக்கப்பட்டவரின் வீட்டுக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை. செம்பனைக் குலை திருடியதாகவோ அடிதடியில் ஈடுபட்டதாகவோ சந்தேகிக்கப்பட்டவரின் வீட்டுக்குத் தகவல் சொல்வது கடமை அல்ல. சொஸ்மாவில் அந்தக் கடமை எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பது வேறு கேள்வி. எழுத்திலாவது அது இருக்கிறது. சாதாரணச் சட்டத்தில் எழுத்திலேயே இல்லை.

நாட்கணக்கு ஏன் முக்கியம்

24 மணி நேரத்திற்குள் விசாரணை முடியவில்லை என்றால் 117ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போலீஸ் தடுப்புக் காவல் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை 4 நாள், அடுத்த முறை 3 நாள் வரை. 14 ஆண்டும் அதற்கு மேலும் அல்லது மரண தண்டனை உள்ள குற்றம் என்றால் 7 நாளும் பின்னர் 7 நாளும். இந்த விசாரணையில் கைதானவர் தாமாகவோ வழக்கறிஞர் வழியாகவோ பேசலாம். எத்தனை நாள் என்பதை மாஜிஸ்திரேட் தீர்மானிக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

எந்த நீதிமன்றம், எத்தனை மணி என்று தெரியாத குடும்பம் வழக்கறிஞரை எங்கே அனுப்பும்? கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை. வியாழக்கிழமை மாலை ஒருவர் கைதானால் அடுத்த நாள் அலுவலகங்கள் மூடியிருக்கும். ஆனால் 24 மணி நேரக் கணக்கு விடுமுறைக்காக நிற்காது. விடுமுறை நாளிலும் தடுப்புக் காவல் மனுவைக் கேட்க மாஜிஸ்திரேட் ஏற்பாடு உண்டு. குடும்பம் ஞாயிறன்று விசாரிக்கப் போகும்போது முதல் ஆணை ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்கும்.

பொக்கா எனப்படும் 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் என்றால் கணக்கு இன்னும் நீளம். முதல் 24 மணி நேரத்திற்குப் பிறகு 21 நாள், அதன்பின் 38 நாள், அதற்கும் பிறகு தடுப்பு வாரியத்தின் ஆணைப்படி 2 ஆண்டுவரை விசாரணையின்றிக் காவல். ஒரு நிலையத்தில் ஒரு பிரிவின் கீழ்ப் பிடிபட்டவர் விடுவிக்கப்பட்டு, வெளியே வரும் முன்பே இன்னொரு நிலையத்தினர் மீண்டும் கைது செய்வதும் நடக்கிறது. குடும்பம் பழைய நிலையத்தின் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

இந்த இருட்டில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். “எனக்கு உள்ளே ஆள் தெரியும், விசாரித்துச் சொல்கிறேன்” என்று தொடங்கி, “பேசி முடித்துவிடலாம்” என்பதுவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. மகன் பிடிபட்டுவிட்டான், ஜாமீனுக்குப் பணம் போடுங்கள் என்று போலீஸ் போலப் பேசும் தொலைபேசி மோசடியும் இதே இடைவெளியில்தான் நுழைகிறது. உண்மையா பொய்யா என்று சரிபார்க்க அதிகாரப்பூர்வமான ஓர் எண் இருந்தால் இரண்டுமே பாதி செத்துவிடும்.

இதைவிடக் கனமான காரணமும் உண்டு. காவலில் இருந்தபோதும் அதைத் தொடர்ந்தும் நேர்ந்த மரணங்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் ஏ. குகன், 2013இல் கோலாலம்பூரில் என். தர்மேந்திரன், 2021இல் ஏ. கணபதி என்று நம் சமூகம் மறக்காத பெயர்கள் இருக்கின்றன. காவலில் மரணம் நேர்ந்தால் 334ஆவது பிரிவின்படி விசாரணை கட்டாயம். 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த சுயேச்சைக் காவல் துறை நடத்தை ஆணையம் புகார்களைப் பெறுகிறது. இவையெல்லாம் நடந்து முடிந்த பிறகு வருபவை. வீட்டில் உள்ளவர்களுக்கும் வழக்கறிஞருக்கும் தெரிந்து உள்ளே இருப்பவர், ஒருவருக்கும் தெரியாமல் உள்ளே இருப்பவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார். இது எந்த நாட்டிலும் பொருந்தும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

அமெரிக்காவின் பல மாவட்டங்களில் கைதானவரின் பெயர், படம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் சிறை அலுவலக இணையப் பக்கத்தில் சில மணி நேரத்தில் ஏறிவிடும். குடும்பம் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அண்டை வீட்டார், முதலாளி, பகையாளி எல்லாரும் தேடலாம். தனியார் இணையத்தளங்கள் அந்தப் படங்களை அள்ளிப் போட்டு, நீக்குவதற்குப் பணம் கேட்கத் தொடங்கின. ஜார்ஜியா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நமக்கு இந்த வழி ஒத்துவராது. ஒரு தாமானில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் கெடாவின் சிறு பட்டணங்களில், விடுதலையான பையனையும் அந்தப் படம் வேலைக்குப் போகவிடாது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுத்த நெறிமுறைகள் பின்னர்ச் சட்டமாயின. கைதானவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீசே தகவல் தந்து, யாருக்குச் சொன்னோம் என்பதை நிலையப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டம், ஒவ்வொரு நிலையத்திலும் இதற்கென்று ஓர் அதிகாரியை நியமித்து, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மையை நிலையத்தில் காட்சிப்படுத்தச் சொல்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் குடும்பத்துக்குச் சொல்வதையும் ஊருக்குக் காட்டுவதையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. விதி இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் பட்ட பாட்டால் உயிரிழந்தார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. விதி மட்டும் உயிர் காக்காது. அதை மீறியவரைக் கேட்க அது தேவை.

இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானால் 48 மணி நேரத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவில்லாத கைதுகள் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலாக எப்படி முடியும் என்பதை வடக்கு, கிழக்குத் தாய்மார்கள் அறிவார்கள்.

கெடாவில் முன்பும் இன்றும்

இந்த மண்ணுக்கும் கைதின் வரலாறு உண்டு. 1947இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படை இயக்கம், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் வளர்ந்தபோது, போலீசுடன் மோதலும் உயிரிழப்பும் கைதுகளும் நடந்தன. அன்றைய ஆட்சியாளர்களின் கோப்புகள் இருப்பதால் வரலாற்றாய்வாளர்கள் அவற்றை எழுத முடிந்தது. அரசு எழுதி வைக்காமல் இருந்ததில்லை. எழுதியதை யாரிடம் காட்டுகிறது என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில், ஒருவர் பிடிபட்டால் லயத்தில் உள்ளவர்கள் கிராணியிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ ஓடுவார்கள். அவர் நிலையத்துக்குப் போன் போடுவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மலிவு வீட்டுத் தாமான்களுக்குச் சிதறிய பிறகு அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. அதற்குப் பதிலாக அரசு அமைப்பு ஏதும் வந்து நிற்கவில்லை.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் உதவுமா? சிலாங்கூரும் பினாங்கும் மாநில அளவில் அதைக் கொண்டுள்ளன, கெடாவில் இல்லை. இருந்தாலும் போலீஸ் கூட்டரசின் கீழ் வருவதால் மாநிலச் சட்டம் அதைத் தொடாது. மாற்றம் நாடாளுமன்றத்தில்தான் நடக்க வேண்டும்.

கேட்க வேண்டியது பெரிதல்ல. ஒன்று, சிறார் சட்டத்திலும் சொஸ்மாவிலும் உள்ளதுபோல, குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் கடமையை 28ஏ பிரிவில் போலீஸ் மீது வைக்க வேண்டும்; யாருக்கு, எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்பது பதிவாக வேண்டும். இரண்டு, ஒவ்வொரு மாநிலக் காவல் துறைத் தலைமையகத்திலும் ஒரு தொலைபேசி எண். கைதானவரின் மைகார்டு எண்ணையும் உறவையும் உறுதிப்படுத்தினால், அவர் காவலில் இருக்கிறாரா, எங்கே, புலன் விசாரணை அதிகாரி யார் என்ற மூன்றுக்கு மட்டும் பதில் வர வேண்டும். மூன்று, பெயர்ப் பட்டியலோ படமோ பொதுவெளிக்கு வேண்டாம். மாவட்டவாரியாகக் கைது எண்ணிக்கை மட்டும் வெளியாகட்டும்.

உடந்தையாளர்கள் தப்பிவிடுவார்கள் என்று போலீஸ் தரப்பு சொல்லலாம். அதற்கு இப்போதைய சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அப்படி அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி தந்து, அழைப்பைத் தள்ளிவைக்கலாம். விலக்கு அப்படியே இருக்கட்டும். வழக்கமாக நடக்க வேண்டியது மாறினால் போதும்.

அதுவரை என்ன செய்யலாம்?

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் இவற்றை நினைவில் வைக்கலாம். காணாமல் போனவரின் மைகார்டு எண்ணோடு அருகிலுள்ள மாவட்டத் தலைமையகத்துக்கு இருவராகப் போங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த லாக்காப், எந்தச் சட்டப் பிரிவு, புலன் விசாரணை அதிகாரி யார், தடுப்புக் காவல் மனு எந்த நீதிமன்றத்தில், எப்போது? பதில் தந்தவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே இல்லை என்று சொன்னால், அவரைக் காணவில்லை என்று போலீஸ் புகார் செய்யுங்கள். அந்தப் புகாரின் நகல் பின்னர் உதவும்.

தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல், கைது, தடுப்புக் காவல் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. தரகருக்குப் பணம் தரும் முன் அவர்களை அழையுங்கள். காலையிலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்குப் போய் விசாரியுங்கள். நியாயமான பதில் எங்கும் கிடைக்காவிட்டால் சுஹாகாமிடம் முறையிடலாம். காவல் சட்டவிரோதமானது என்று தோன்றினால், அலோர் ஸ்டார் அல்லது சுங்கை பட்டாணி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் வழி இருக்கிறது. வீட்டில் உள்ள இளையோருக்கு இன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: கைப்பேசி இல்லாமலும் சொல்லக்கூடிய அளவுக்கு, வீட்டில் ஒருவருடைய எண் மனத்தில் இருக்கட்டும்.

அடுத்த முறை கைது வீடியோ ஒன்று உங்கள் குழுவுக்கு வந்தால் அதை இன்னொரு குழுவுக்கு அனுப்ப வேண்டாம். அதில் இருப்பவரின் வீட்டார் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால், அவர்களை மட்டும் அழைத்து எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். சட்டம் இன்று போலீசிடம் கேட்கத் தவறிய கடமை அது. அதை எழுத்தில் சேர்க்கும்படி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.